மாரத்தானுக்கு வாங்கிய சுருக்கு முக்காலி: மூன்றரை நட்சத்திரம்

விலை 799 ரூபாய். சுருக்கினால் தோசைக்கல் போல வட்டமாக, ஆறேழு சென்டிமீட்டர் தடிமனில் இருக்கும். இழுத்துத் திருகினால் வளையம் வளையமாக எழும்பி முழங்கால் உயரத்துக்கு வரும். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 150 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. நான் 84. அந்தக் கதை பின்னால் வருகிறது.

இதை நான் எனக்காக வாங்கவில்லை. என் மனைவி 46 வயதில் முதல் முழு மாரத்தான் ஓடினாள், மும்பையில். 42 கிலோமீட்டரில் எங்காவது முடியாமல் போனால் உட்கார ஒன்று வேண்டாமா என்று என் மூளைக்குப் பட்டது. அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் 799 ரூபாய் மிச்சம்.

போட்டியன்று விடியற்காலை 3 மணியை ஒட்டி ரயில்வே சிறப்பு லோக்கல் விடுகிறது. செம்பூரிலிருந்து, போட்டி தொடங்குகிற சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்துக்குப் போனோம். ஐந்து மணிக்கு அவளை அனுப்பிவிட்டால் அப்புறம் எனக்கு வேலை, அவளுக்கு முன்னால் போய் நிற்பது. சாலைகளை அடைத்துவிடுவதால் டாக்ஸியை நம்ப முடியாது, ரயில்தான். ஹார்பர் லைனில் கோரேகான் வண்டி பிடித்தால் நேராக மாஹிம். முதல் காத்திருப்பு அங்கே, கேடல் ரோட்டில். ஸீ லிங்க் என்கிற கடல் பாலம் தாண்டி பாந்த்ரா சுற்றி வருபவர்களை அங்கே பார்க்கலாம். தோளில் தொங்கிய முக்காலி வண்டிக்குள் யாரையும் இடிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்துக்கு முழு மதிப்பெண்.

கேடல் ரோட்டில் விரித்து உட்கார்ந்தேன். சமதளத்தில் நன்றாகவே இருக்கிறது. கொஞ்சம் கிறீச்சிடும். ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் விளிம்பு தொடையை அறுக்கும், துண்டை மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். எட்டேகால் வாக்கில் அவள் வந்தாள். முகம் தெளிவாக இருந்தது. வேகவைத்து உப்புப் புரட்டிய உருளைக்கிழங்கு இரண்டை வாங்கிக்கொண்டு, "என்னங்க அது, பாத்ரூம் ஸ்டூலா?" என்று கேட்டுவிட்டு நிற்காமல் போனாள்.

அடுத்து மாஹிமிலிருந்து மேற்கு ரயிலில் கிராண்ட் ரோடு, அங்கிருந்து நடந்து பெடர் ரோடு. மும்பை மாரத்தான் ஓடியவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் முகம் மாறும். விடியுமுன் தெம்பாக ஏறிய அதே மேட்டை, 35 கிலோமீட்டருக்கு மேல் கால் தேய்ந்த பிறகு, வெயிலில், மறுபடி ஏறவேண்டியிருந்தது. உடம்பில் சேர்த்துவைத்த சர்க்கரை தீர்ந்துபோகிற நேரமும் அதுதான். நான் நின்றது ஜஸ்லோக் ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் கீழே.

முக்காலியின் குறை இங்கேதான் தெரிந்தது. சரிவில் இது உதவாது. ஒவ்வொரு வளையமும் 'டக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஒன்று அரைகுறையாக நின்று, எடையும் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் மொத்தமும் சுருங்கிவிடும். எனக்குச் சுருங்கியது. 84 கிலோவும் நடைபாதையில். பக்கத்தில் கிண்ணம் நிறைய ஆரஞ்சுச் சுளை வைத்துக்கொண்டு நின்ற ஒரு பார்ஸி அம்மாள் முதலில் அடிபட்டதா என்று கேட்டார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நல்லவேளை, அந்த வரிசையில்தான் சிரித்தார்.

சரி, உட்கார லாயக்கில்லை என்று, ஒரு பக்கம் அட்டையை மடித்துக் கொடுத்து நிறுத்தி, அவருடைய கிண்ணத்தையும் என் உருளைக்கிழங்கு டப்பாவையும் அதன்மேல் வைத்தோம். அதற்குப் பிரமாதமாகத் தாங்கியது. ஓடுபவர்கள் குனியாமல் கைநீட்டி எடுத்துப்போனார்கள். 37 கிலோமீட்டர் ஓடியவரைக் குனியவைப்பது பாவம் என்று அப்போதுதான் புரிந்தது.

அவளை 9.45-க்கு எதிர்பார்த்தேன். பத்தாயிற்று. பத்தேகால் ஆயிற்று. போனை எடுப்பதும் பையில் போடுவதுமாக இருந்தேன். வந்தபோது ஓடவில்லை, இடது கெண்டைக்காலை இழுத்து இழுத்து நடந்துகொண்டிருந்தாள். உதட்டோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நான் கிண்ணத்தை எடுத்துவிட்டு முக்காலியைக் காட்டி, "ரெண்டு நிமிஷம் உட்காரு" என்றேன்.

"அதை என் கண்ணில் காட்டாதீங்க" என்றாள். "உட்கார்ந்தால் அவ்வளவுதான், எழுந்திருக்க மாட்டேன்."

நான் அதைக் காலால் பின்னுக்குத் தள்ளி அந்த அம்மாளின் சேலைக்குப் பின்னால் மறைத்தேன். உப்புக் கரைசல் குடித்தாள். கெண்டைக்காலைச் சுவரில் முட்டுக்கொடுத்து நீட்டினாள். "மேடு இன்னும் எவ்வளவு?" என்றாள். கொஞ்சம்தான் என்று பொய் சொல்ல வாயெடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் உண்மையைச் சொன்னேன்: "ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஏற்றம், அப்புறம் கெம்ப்ஸ் கார்னர் வரை இறக்கம்." அடைப்புக்கு இந்தப் பக்கமாக அந்த வாசல் வரை கூடவே நடந்தேன். பேசவில்லை, பேசவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள். மேட்டின் உச்சியில் ஓட ஆரம்பித்தாள். ஓட்டம் என்று நான்தான் சொல்கிறேன், பார்த்தவர்கள் வேகநடை என்பார்கள்.

முக்காலியை மறந்துவிட்டு கிராண்ட் ரோடு பக்கம் பாதி தூரம் வந்து, திரும்பிப் போய் எடுத்தேன்.

6 மணி 12 நிமிடத்தில் முடித்தாள். அவள் வைத்திருந்த இலக்கு ஐந்தரை. பதக்கத்தோடு வெளியே வந்தவள், நான் ஒன்றும் சொல்லாமலே, "எங்கே அந்த ஸ்டூல்?" என்றாள். சமதளம், எல்லா வளையமும் பூட்டியதா என்று இரண்டு முறை பார்த்துத்தான் வைத்தேன். உட்கார்ந்தாள். முக்காலி அசையவில்லை. ஆனால் இவ்வளவு தாழ்வான ஒன்றிலிருந்து மாரத்தான் ஓடியவரை எழுப்ப இரண்டு ஆள் வேண்டும். நானும் யாரோ ஒரு பையனும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினோம். இதே வேலைக்கு வாங்குவதாக இருந்தால், முதுகு சாயும் மடக்கு நாற்காலியாக, உயரமாக வாங்குங்கள். ரயிலில் இடிக்கும், பரவாயில்லை.

திருப்பி அனுப்பப் பத்து நாள் அவகாசம் உண்டு. ஒன்பதாம் நாள் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் குளியலறையில் அதன்மேல் உட்கார்ந்து, கறுத்துப்போன பெருவிரல் நகத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பரணில் போட்டுவிட்டேன்.