ஆங்கிலத்தில் லைக் (like), ஆஸ் (as): முழுத்தொடருக்கு முன் எது வரவேண்டும்?

1954-இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிகரெட் விளம்பரம், ‘வின்ஸ்டன் டேஸ்ட்ஸ் குட் லைக் எ சிகரெட் ஷுட்’ (ஒரு சிகரெட் இருக்கவேண்டியது போலவே வின்ஸ்டன் சுவையாக இருக்கிறது) என்ற ஒற்றை வரிக்காக இலக்கணப் பற்றாளர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. ‘எ சிகரெட் ஷுட்’ என்பதில் எழுவாயும் வினையும் இருப்பதால் அதற்கு முன் ‘லைக்’ அன்று, ‘ஆஸ்’ என்ற இணைப்புச்சொல்லே வரவேண்டும் என்பது அவர்கள் கட்சி. நிறுவனம் அசரவில்லை, அந்தக் கண்டனத்தையே பின்னாளில் இன்னொரு விளம்பரமாக்கிக்கொண்டது.

மரபு விதி எளிதுதான். பெயர்ச்சொல் மட்டும் தொடர்ந்தால் ‘லைக்’: ‘ஷீ சிங்ஸ் லைக் ஹெர் மதர்’. வினையும் சேர்ந்து வந்தால் ‘ஆஸ்’: ‘ஷீ சிங்ஸ் ஆஸ் ஹெர் மதர் டிட்’. நமக்கு இது பிடிபடாமல் போவதற்குக் காரணம் உண்டு. ‘அம்மாவைப் போல’, ‘அம்மா பாடியது போல’ என்று இரண்டு இடத்திலும் ‘போல’ ஒன்றே தமிழில் போதுமானதாக இருக்கிறது.

ஆனால், ‘லைக்’ போட்டால் தவறாகிவிடுமோ என்று அஞ்சி எங்கும் ‘ஆஸ்’ போடுவது அதைவிடப் பெரிய பிழையில் கொண்டுபோய் விடும். ‘ஹி ஸ்போக் லைக் எ லாயர்’ என்றால் அவர் வழக்கறிஞரைப் போலப் பேசினார். ‘ஹி ஸ்போக் ஆஸ் எ லாயர்’ என்றால் வழக்கறிஞராகவே பேசினார். ‘ஆஸ்’ வரவேண்டிய இடத்தில் ‘லைக்’ போடுவது நடையைப் பற்றிய சிக்கல், ‘லைக்’ வரவேண்டிய இடத்தில் ‘ஆஸ்’ போடுவது பொருளையே மாற்றிவிடுகிறது. போதாததற்கு, ‘ஆஸ்’ என்பதற்குக் ‘காரணத்தால்’, ‘அந்நேரத்தில்’ என்ற பொருள்களும் உண்டு என்பதால், அது தொடக்கத்தில் நிற்கும் வாக்கியம் சில நேரம் இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுக்கும்.

‘இட் லுக்ஸ் லைக் இட் வில் ரெயின்’ என்பது பேச்சில், குறிப்பாக அமெரிக்காவில், மிக இயல்பு. அதைத் திருத்தப் புகுவது வீண் வேலை. தேர்விலும் விண்ணப்பக் கடிதத்திலும் மட்டும் ‘ஆஸ் இஃப்’ என்று எழுதுவதே பாதுகாப்பு. ‘ஆஸ்’ விறைப்பாகவும் ‘லைக்’ தளர்வாகவும் தோன்றும் இடத்தில் ‘டூ இட் தி வே ஐ ஷோட் யூ’ என்பதில் உள்ள ‘தி வே’ இரண்டுக்கும் நடுவே நன்றாகப் பொருந்துகிறது. என் தேர்வு பெரும்பாலும் அதுவே.

வினை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். ‘இன் பாரிஸ், ஆஸ் இன் லண்டன்’ என்பதில் வினையே இல்லாவிட்டாலும், ‘ஆஸ்’ என்பதற்குப் பின் வருவது வெறும் பெயர் அன்று, ‘இன்’ என்று தொடங்கும் தொடர். ஆகவே மரபுப்படி அங்கும் ‘லைக்’ ஏற்கப்படுவதில்லை.