உப்புக்காற்றில் ஆறு வருடம்: எங்கள் அம்பாசிடரின் பெயிண்டும் கிளியர் கோட்டும்

அப்பா வாங்கிய அம்பாசிடர், 1986 மாடல், மார்க் 4. வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலுக்குக் கூப்பிடு தூரம். 2019 மாசியில் முழு வண்டிக்கும் பெயிண்ட் அடித்தோம். அதற்குப் பிறகு ஆறு மழைக்காலம் போய்விட்டது. இந்த உப்புக்காற்றில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று இப்போது தைரியமாகச் சொல்லலாம்.

அதற்கு முன் 2016இல் ஒரு பட்டறையில் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்து வாங்கினேன். வண்டி வெளியே வந்த அன்று முகம் பார்க்கலாம் போல இருந்தது. எட்டே மாதத்தில் கதவுகளின் அடியிலும் பின் மட்கார்டிலும் கடுகு கடுகாகக் கொப்புளம். ஒன்றை ஊசியால் குத்திப் பார்த்தேன். ஒரு பொட்டுத் தண்ணீர் வந்தது. வெயிலில் அது காய்ந்ததும் வெள்ளையாக ஒரு வளையம் தங்கியது. விரலால் தொட்டால் நறநற என்றது. உப்பு!

வண்டியைத் தேய்த்த தண்ணீரில்தான் வினை இருந்தது. தகட்டின் பள்ளங்களை நிரப்பப் பட்டி பூசிய பிறகு வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தது போர் தண்ணீரில். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீரில் சோப்பே நுரைக்காது. பட்டி பஞ்சு மாதிரி, அதைக் குடித்துக்கொள்ளும். மேலே பார்க்கக் காய்ந்துவிடும், உப்பு மட்டும் உள்ளே தங்கிவிடும். அதன் மேல் பெயிண்ட் ஏறிய பிறகும் காற்றின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாகப் படலத்துக்குள் போகும். உள்ளே இருக்கும் உப்பு அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு பெயிண்டை மேலே தூக்கும். அடியில் இரும்பு அரிக்க ஆரம்பிக்கும். நிறத்துக்கு மேல் எத்தனை விலையுள்ள கிளியர் கோட் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடித்தாலும் இதைத் தடுக்க முடியாது.

அதனால் 2019இல் வண்டியைத் தகடு தெரியும் வரை சுரண்டினோம். வெறும் தகட்டில் முதலில் துருவைத் தடுக்கும் எபாக்ஸி பிரைமர், அது காய்ந்த பிறகுதான் பட்டி. பட்டியைத் தண்ணீர் தொடாமல் உலர்ந்த உப்புத்தாளிலேயே தேய்த்தோம். பெயிண்டுக்கு முன் அடிக்கும் சர்ஃபேசர் பூச்சில் கடைசித் தேய்ப்புக்கு மட்டும் தண்ணீர், அதுவும் கேன் தண்ணீர். "குடிக்கிற தண்ணியை ஊத்தியா தேய்க்கிறது, அண்ணே?" என்று பெயிண்டர் தம்பி மனசே இல்லாமல்தான் கேனைச் சாய்த்தார். எட்டு கேன் ஆனது. முழு வேலையிலும் இதைவிட உருப்படியான செலவு வேறு இல்லை.

அப்புறம் பெயிண்ட். என்.சி. பெயிண்ட் தின்னர் ஆவியாவதால் மட்டுமே காய்வது. தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் எத்தனை வருடம் கழித்தும் கரைந்து வரும். பழைய வண்டியில் என்ன அடித்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவும் இதுவே வழி. 2கே பெயிண்ட், அதாவது இரண்டு பாகமாக வந்து கலந்து அடிப்பது, ஹார்டனரோடு வினைபுரிந்து இறுகுவதால் அப்படிக் கரையாது. கடற்கரை ஊருக்கு 2கே தவிர வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் வண்டிக்குச் சந்தன நிறத்தில் பேஸ் கோட், மேலே இரண்டு கோட் கிளியர். கிளியர் இரண்டு பங்குக்கு ஹார்டனர் ஒரு பங்கு, அளவுக் கோப்பையில் அளந்து கலந்தது. கிளியர், ஹார்டனர், தின்னர் மூன்றும் ஒரே கம்பெனியில் வாங்கினோம்.

மாசியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், மணலை வாரி இறைக்கும் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று இன்னும் எழுந்திருக்காது. காலைப் பனி முழுதும் விலகிய பிறகு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து, கடல் காற்று ஏறும் முன் முடித்தோம். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமா வரவழைக்கும். முகத்தில் துண்டு கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. உங்கள் வண்டிக்கு அடிப்பவருக்குச் சரியான மாஸ்க் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே ஏற்பாடு செய்துகொடுங்கள்.

இப்போதைய நிலை. கூரையிலும் பானட்டிலும் பளபளப்பு அப்படியே இருக்கிறது. கதவின் அடியில் ஒரு கொப்புளம்கூட இல்லை. அங்கே தண்ணீர் வடியும் துளைகளை மாதம் ஒரு முறை குச்சி விட்டுச் சுத்தம் செய்கிறேன். பானட்டின் முன் விளிம்பில்தான் அடி. தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை நாலைந்து தடவை போய் வந்ததில், காற்றில் பறந்த மணலும் சிறு கல்லும் பட்டு ஊசிமுனைப் புள்ளிகள். இரண்டு இடத்தில் கிளியர் ஓரம் வெளுத்துத் தூக்கியிருக்கிறது. கிளியரின் குறை இதுதான். தூக்கிய இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்தால் திட்டாகத் தெரிகிறது, பானட் முழுவதற்கும் திரும்ப அடிக்க வேண்டியிருக்கிறது.

2022இல் இடது முன் மட்கார்டு ஒடுங்கி, அதற்கு மட்டும் கிளியர் இல்லாமல் நேராக 2கே பெயிண்டை அடித்தோம். அம்பாசிடர் கம்பெனியிலிருந்து வந்தபோதும் சாதா நிறங்களுக்கு மேல் கிளியர் இருந்ததில்லை. பக்கத்தில் நின்று பார்த்தால் இந்த மட்கார்டின் பளபளப்பு ஒரு மாற்றுக் குறைவு. துணியில் இலேசாகச் சந்தன நிறம் ஒட்டுகிறது. ஆனால் கல் பட்ட இடத்தைச் சின்ன பிரஷ்ஷால் தொட்டு, 2000 நம்பர் தாளில் தேய்த்து, பாலிஷ் போட்டால் தடமே தெரிவதில்லை.

இன்னொன்று, வண்டிக் கவர். ஆடிக் காற்றில் கவருக்குள் மணல் புகுந்து, கவர் படபடத்து, வலது பின் மட்கார்டின் கிளியரை மங்கலாக அரைத்துவிட்டது. அன்றைக்கே கவரை எடுத்துவிட்டு ஓலைச் சார்ப்பு இறக்கினேன். வாரம் ஒரு நாள் முதலில் தண்ணீரை ஊற்றி உப்பை இறக்கிய பிறகுதான் துணி தொடும். உலர்ந்த துணியால் தூசி தட்டுவது இங்கே உப்புத்தாள் போடுவதற்குச் சமம்.

2025இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். ரயில் பாலத்துக்கே அப்படி ஒரு காப்பு தேவைப்படும் கடல் இது.

நிரந்தரமாகக் கடலோரத்தில் நிற்கும் சாதா நிற வண்டிக்கு, அடியில் எபாக்ஸி, மேலே கிளியர் இல்லாத 2கே என்பதே இப்போது என் தேர்வு. மெட்டாலிக் நிறமென்றால் கிளியர் இல்லாமல் முடியாது. வரும் மாசியில் பானட்டை மட்டும் இறக்கி அப்படித்தான் அடிக்கப்போகிறேன், கேன் தண்ணீருக்குச் சொல்லி வைத்தாயிற்று.