பெண் தலைப் பூச்சாடி: ஜப்பானில் வனைந்த அமெரிக்க அழகு

1950-களிலும் 60-களிலும் அமெரிக்கப் பூக்கடைகள் சிறு பூங்கொத்தைச் செருகி விற்ற ‘ஹெட் வேஸ்’ எனப்படும் பெண் தலை வடிவப் பீங்கான் சாடிகளுள் ஒன்றைப் பழம்பொருள் கடையில் வாங்கினேன். நாப்கோ, இனார்கோ, லெஃப்டன் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இவற்றை ஜப்பானில் செய்வித்து இறக்குமதி செய்தன.

வேலைப்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. தாழ்ந்த இமைகளின் ஓரத்தில் மயிர்கள் தனியே ஒட்டப்பட்டுக் கன்னத்தின் மேல் நிழல்போல் நீண்டு நிற்கின்றன. காதிலும் கழுத்திலும் செயற்கை முத்துகள், முகவாயருகே கையுறை அணிந்த விரல்கள், வாயில் திறவாத சிவப்பு உதடுகள். தன்னைப் போலிராத ஒரு பொன்முடிப் பெண்ணின் இமையை இத்தனை பொறுமையோடு தீட்டிய அந்த ஜப்பானியக் கைகளை எண்ணாமல் இதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

பூச்சாடியாக இதன் பயன் குறைவுதான். தொப்பியின் உச்சியிலுள்ள குறுகிய திறப்பில் காம்பு குட்டையான சில பூக்களே நிற்கும்.

என்னை வெகுநேரம் நிறுத்தி வைத்தது அந்தப் பார்வை. சாடியை எப்பக்கம் திருப்பி வைத்தாலும் இப்பெண் நம்மைப் பார்ப்பதில்லை. இதே காலத்தில் பிரவுன் அண்ட் பிகலோ நிறுவனத்தின் நாட்காட்டிகளுக்காக கவர்ச்சிப் பட ஓவியர் கில் எல்வ்கிரென் வரைந்த பெண்களோ பெரும்பாலும் வியப்போடு நேரே நோக்குகிறார்கள். அந்தப் படங்கள் ஆண்கள் வேலை செய்யும் பட்டறைச் சுவர்களுக்குப் போயின. இந்தச் சாடி பெண்ணின் சொந்த ஒப்பனை மேசைக்கு வந்தது. அங்கே அவள் ஆணைக் கவர வேண்டும், இங்கே தன் வீட்டில் அடங்கியிருக்க வேண்டும் என்று ஒரே அழகை இரண்டு விதமாக விற்றிருக்கிறார்கள். இரண்டாவதே எனக்கு அதிகம் வருத்தம் தருகிறது, ஏனெனில் அதைப் பார்த்துப் பழகியவர்கள் பெண்களே. கணவரான அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியை இழந்த ஜாக்குலின் கென்னடியின் துக்கக் கோலத்தை 1964-இல் இனார்கோ சாடியாக்கியபோதும், கன்னத்தருகே கை வைத்த அதே தோரணையில்தான் அவரை அமர்த்தியது.

வாங்குவோர் ஒட்டிய இமைமயிர்களையும், எளிதில் உடையும் விரல்நுனிகளையும், முத்துகள் உதிராமல் இருக்கின்றனவா என்பதையும் முதலில் பார்க்கவும். பளபளப்புப் பூச்சின் மேல் சூளையில் சுடாமல் தீட்டிய வண்ணம் தேய்ந்துபோகும் என்பதால் நீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் மெல்ல ஒற்றி எடுப்பதே நல்லது. நான் பார்த்த புதிய நகல்களில் இமைமயிர் வெறும் கோடாகவே இருந்தது. கூடுதல் விலையானாலும் பழையதையே தேடி வாங்கலாம்.