எண் சரிதான், கார்டு?

1986ஆம் ஆண்டு ஃபிளீர் நிறுவனம் வெளியிட்ட, கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் கார்டு ஒன்று, தரமிடும் நிறுவனம் 10க்கு 8 என்று தரமிட்டு லேபிளோடு ஸ்லாப்பில் (ஒட்டி மூடிய பிளாஸ்டிக் பேழையில்) அடைத்தது, விலைக்கு வருகிறதாம். வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டதோடு நிற்காமல், "லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்துவிட்டேன், எல்லாம் பொருந்துகிறது" என்றும் சேர்த்திருக்கிறார். கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லியிருப்பேன். அந்தப் பின்குறிப்புதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்துவிட்டது.

தரமிட்ட கார்டுகளைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன். ஸ்லாப்பின் நல்ல குணங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார்டின் முனைகள் மழுங்குவதில்லை. விரல் ரேகை படிவதில்லை. விற்கும்போது இது 8ஆ 7ஆ என்ற வாய்த்தகராறு பாதியாகக் குறைகிறது. அடுக்கி வைக்க வசதி. இதற்கு மேல் பாராட்ட இன்று மனமில்லை.

என் தீராத எரிச்சல் இதுதான்: போலியைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்ட சோதனைகளில் பாதியை அந்தப் பிளாஸ்டிக்கே தடுத்துவிடுகிறது. வெறும் கார்டு என்றால் தடிமனை அளக்கலாம், எடை போடலாம், ஓரத்தில் அட்டையின் அடுக்குகளைப் பார்க்கலாம். தொட்டவுடனேயே பல போலிகள் தெரிந்துவிடும். மீயொலியால் ஒட்டி மூடிய பேழைக்குள் போய்விட்டால் இவற்றில் எதுவும் நடக்காது.

புற ஊதா விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள்களைக் காகித ஆலைகள் பரவலாகச் சேர்க்கத் தொடங்கியது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். எனவே 1910 வாக்கில் அச்சானதாகச் சொல்லப்படும் கார்டு அந்த விளக்கில் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. ஆனால் நடுவில் பிளாஸ்டிக் இருந்தால் அது கதிரில் ஒரு பகுதியை விழுங்கும். சில வகைப் பிளாஸ்டிக் தானே மங்கலாக ஒளிரும். ஒளிர்வது அட்டையா, பேழையா என்று விளக்கும் கையுமாக விழிக்க வேண்டியதுதான். 60 மடங்கு பெருக்கும் கைநுண்ணோக்கியும் அதே கதை. பொருளின் மேல் நேராக உட்கார வைத்துப் பார்ப்பதற்கென்று செய்த கருவி அது. கார்டு சில மில்லிமீட்டர் உள்ளே இருப்பதால் காட்சி தெளிவதே இல்லை.

மிஞ்சுவது 10 மடங்கு லென்ஸ். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. குவியத் தூரம் சுமார் 25 மில்லிமீட்டர் என்பதால் பிளாஸ்டிக்கைத் தாண்டியும் தெளிவாகக் காட்டும். ஆஃப்செட்டில் அச்சான படத்தில் நான்கு நிறப் புள்ளிகளும் சேர்ந்து ரோஜா இதழ்களைப் போல வட்டமாக அமைந்திருக்கும். பெயரும் கோடுகளும் பெரும்பாலும் புள்ளியே இல்லாத கெட்டி மையில் இருக்கும். அசலை ஸ்கேன் செய்து அச்சிட்டவனுக்கோ எழுத்தும் படம்தான். கறுப்பு எழுத்தின் விளிம்பில் வண்ணப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். மிக அதிகமாகப் போலி செய்யப்படும் கார்டுகளுள் இந்த ஜோர்டான் ஒன்று. அதில் நான் முதலில் பார்ப்பது எழுத்தைத்தான், முகத்தை அல்ல.

இனி அந்த எண். நிறுவனத்தின் தளத்தில் இட்டால் ஆண்டு, வீரர், தரம் எல்லாம் வரும். அது சொல்வது ஒன்றே ஒன்று: இந்த எண்ணுடன் இப்படி ஒரு கார்டு உலகில் எங்கோ இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அதுதான் என்று சொல்லவில்லை. ஏல அறிவிப்புகளில் ஸ்லாப்புகளின் படங்கள் எண்ணோடு பளிச்சென்று கிடக்கின்றன. அதைப் பார்த்து லேபிள் அச்சடித்து, போலிப் பேழையில் போலிக் கார்டை வைத்தால், எண் பொருந்தாமல் எங்கே போகும்? லேபிளில் உள்ள கியூஆர் குறியீட்டை நம்புகிறவர்கள் இன்னும் பாவம். அது எந்தத் தளத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவு செய்பவன் லேபிளை அடித்தவன். முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.

அஞ்சலில் வந்த ஒரு ஸ்லாப்பைத் திருப்பி அனுப்ப முயன்றபோது விற்றவர் விடாமல் சொன்னதும் இதையேதான்: "எண் சரியாக இருக்கிறதே!" இருக்கிறது ஐயா, பார்த்துத்தானே எழுதியிருக்கிறார்கள். அந்த வழக்கைத் தீர்த்து வைத்தது, நான் அதுவரை பெரிதாக மதிக்காத ஒரு வசதி. தரமிடும் நிறுவனங்கள் இப்போது பல கார்டுகளைப் படமெடுத்துச் சான்றிதழ் எண்ணோடு சேர்த்து வைக்கின்றன. பெரிய தாளிலிருந்து கார்டுகளை வெட்டும்போது ஓரங்கள் ஓர் இழை கூடவோ குறையவோ விழும்; மை தெறித்த புள்ளியோ, அச்சுக் கீறலோ எங்காவது இருக்கும். நிறுவனத்தின் படத்தில் வலது ஓரம் இடதைவிட அகலம். என் கையில் இருந்ததில் நேர்மாறு. இரண்டையும் அருகருகே வைத்து அனுப்பினேன். பதில் வரவில்லை, பணம் வந்தது. அன்று அடைந்த மகிழ்ச்சியை எந்த 10ஆம் தரக் கார்டும் எனக்குத் தந்ததில்லை.

ஆனால் பழைய பேழைகள் பலவற்றுக்குப் படமே இல்லை. வேண்டுமென்றால் கார்டை அனுப்பி, கட்டணம் கட்டி, புதிய பேழைக்கு மாற்றிக்கொள்ளலாம். அவர்களுடைய லேபிளை நம்புவதற்கு நான் இரண்டாம் முறை பணம் கட்ட வேண்டும்! நியாயமாகப் பார்த்தால் குற்றம் போலி செய்பவனுடையது. நிறுவனங்களும் ஹாலோகிராம், புதிய லேபிள் என்று அவனுக்கு முன்னால் ஓடத்தான் பார்க்கின்றன. தெரியும். கோபம் குறையவில்லை.

பேழையும் எண்ணும் உண்மையாகவே இருந்தாலும் கதை முடிந்துவிடாது. டி206 என்ற பழைய பேஸ்பால் கார்டுத் தொகுதியில் வந்த ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டுகளில் மிகப் புகழ்பெற்றது, 1991இல் பி.எஸ்.ஏ. என்ற தரமிடும் நிறுவனம் தரமிட்ட முதல் கார்டு. பெற்ற தரம் 8. தேய்மானம் தெரியாதபடி அதன் ஓரங்களை வெட்டியது தானே என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013இல் ஒப்புக்கொண்டார். 2024இல் நியூயார்க்கில் அமெரிக்க மத்திய அரசு வழக்கறிஞர்கள், பொய்த் தரம் காட்டிக் கார்டுகளை விற்று 20 லட்சம் டாலருக்கு மேல் மோசடி செய்ததாக இருவர் மீது குற்றம் சாட்டினார்கள். போலி நாணயங்களில் 'நகல்' என்று பொறிக்க வேண்டும் எனும் 1973ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் விளையாட்டுக் கார்டுகளைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது எனக்கு இன்னும் வியப்பு.

நண்பருக்கு: ஸ்லாப்பின் நான்கு ஓரங்களையும் நெருக்கத்தில் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுப்பகுதியில் வெள்ளைப் புகை படிந்ததுபோலிருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ யாரோ திறந்து மூடியிருக்கக்கூடும். நிறுவனத்தின் பதிவில் படம் இருந்தால் ஓரங்களை ஒப்பிடுங்கள். படம் இல்லை, திருப்பித் தரும் உத்தரவாதமும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அந்தக் கார்டு அச்சானது ஒன்றிரண்டு அல்ல, இன்னொன்று வரும்.

ஸ்லாப்புக்கு மதிப்பெண் கேட்டால் இன்று 5க்கு 2. போன மாதம் கேட்டிருந்தால் 4 கொடுத்திருப்பேன். இவ்வளவு திட்டிவிட்டு அடுத்த தொகுதிக் கார்டுகளைத் தரமிடத்தான் அனுப்பப்போகிறேன். வெறும் கார்டாக விற்றால் எவரும் நல்ல விலை தருவதில்லை. விற்பனைக்குப் படம் போடும்போது மட்டும் எண்ணின் கடைசி இலக்கங்களை மறைத்துவிட்டு, உண்மையாகவே வாங்க வருகிறவருக்குத் தனியாக அனுப்புகிறேன். அதற்கும் "எண்ணை ஏன் மறைக்கிறீர்கள், போலியா?" என்று கேட்கிறார்கள்.