யாக்கோபு நிருப வேதபாட வகுப்பு: ஒரு மதிப்பீடு

எங்கள் நகரத்துச் சபை ஒன்று ஆண்டுதோறும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களில் நடத்தும் மாலைநேர வேதபாட வகுப்பு இம்முறை புதிய ஏற்பாட்டில் உள்ள யாக்கோபு நிருபத்தை, அதாவது யாக்கோபு எழுதிய கடிதத்தை, எடுத்துக்கொண்டது. வாரத்துக்கு ஓர் அதிகாரமாக ஐந்து வாரங்கள். அனுமதி இலவசம், கையேட்டுக்கு மட்டும் 50 ரூபாய். மொத்தம் 108 வசனங்களே உள்ள இந்த நிருபத்தில் 50க்கும் மேற்பட்ட கட்டளைகள் இருப்பதால், கேட்டுவிட்டுப் போவதற்கு இடங்கொடாமல் செய்யச் சொல்லும் பகுதி இது. ஆகவே வகுப்பையும் அந்த அளவுகோலாலேயே மதிப்பிடுவதுதான் முறை.

முன்னுரையைப் பாடம் நடத்தியவர் சுருக்கமாக முடித்தது நல்லதாயிற்று. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1522-இல் இதை 'வைக்கோல் நிருபம்' என்று குறைத்துப் பேசியதையும், அவர் வழிவந்த மிஷனரிகளே 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடித்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் இது இடம்பெற்றதையும் அவர் அடுத்தடுத்துச் சொன்னபோது அரங்கில் சிரிப்பு எழுந்தது. அப்போஸ்தலர் பவுலும் யாக்கோபும் ஆதியாகமம் 15:6 என்ற ஒரே வசனத்தை எடுத்தாண்டு, விசுவாசத்தாலே என்றும் கிரியைகளாலும் (செயல்களாலும்) என்றும் இருவேறு முடிவுகளுக்கு வருவதாகத் தோன்றும் சிக்கலை அவர் மழுப்பவில்லை. ஒருவன் எதனால் நீதிமானாகிறான் என்பது பவுலின் கேள்வி என்றும், விசுவாசம் என்று சொல்லிக்கொள்வது உயிருள்ளதா என்பது யாக்கோபின் கேள்வி என்றும் அவர் பிரித்துக் காட்டியது எனக்கு ஏற்புடையதாகவே இருந்தது.

வகுப்பின் சிறப்பு இரண்டாம் அதிகாரத்தில் வெளிப்பட்டது. பொன்மோதிரமும் மினுக்கான வஸ்திரமும் தரித்தவனுக்கு நல்ல இடமும், கந்தை உடுத்த ஏழைக்குப் பாதபடியும் காட்டும் சபையைப் பற்றிய வசனங்களை வாசித்து முடித்ததும், எல்லோரும் திரும்பித் தாங்கள் அமர்ந்திருக்கும் இடத்தைப் பார்க்கும்படி அவர் கேட்டார். முன்வரிசையில் கமிட்டி உறுப்பினர்களுக்கென மெத்தை போட்ட நாற்காலிகள். கடைசியில் கதவோரம் கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில், மண்டபத்தைப் பெருக்கிவிட்டு வந்து அமர்ந்திருந்த ஆலயப் பணியாளர். விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. அடுத்த வாரம் மெத்தை நாற்காலிகளைக் காணவில்லை. ஈஸ்டர் ஆராதனைக்கு அவை திரும்பிவிட்டன என்பதையும் இங்கே பதிவுசெய்யத்தான் வேண்டும். பசித்தவனிடம் 'குளிர்காய்ந்து பசியாறுங்கள்' என்று வாயால் மட்டும் சொல்லி அனுப்புகிற 16-ஆம் வசனத்துக்கு, அந்த வாரமே ஒரு குடும்பத்தின் மளிகைச் செலவை ஏற்பது என்ற பயிற்சி தரப்பட்டது. யார் யாருக்குச் செய்தார்கள் என்பதைப் பகிரங்கமாகச் சொல்லக் கூடாது என்ற நிபந்தனை மிகச் சரியானது.

நாவைப் பற்றிய மூன்றாம் அதிகாரமும் நன்றாகவே போனது, சபையின் வாட்ஸ்அப் குழு அங்கே உதாரணமாக வந்தது யாருக்கும் வியப்பளிக்கவில்லை. நான்காம் அதிகாரம் சாதாரணம்.

ஏமாற்றம் கடைசி வாரத்தில்தான். வயலை அறுத்த வேலைக்காரருடைய பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது என்னும் 5:4, நிருபத்திலேயே கடுமையான இடம். கூலியைச் சூரியன் அஸ்தமிக்குமுன் கொடுத்துவிட வேண்டும் என்ற உபாகமம் 24:15-இன் சட்டம் அதற்குப் பின்னால் நிற்கிறது. கடை வைத்திருப்போர், வீடு கட்டிக்கொண்டிருப்போர், வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருப்போர் எனச் சம்பளம் கொடுக்கும் நிலையில் உள்ளவர்களே பெரும்பாலும் அமர்ந்திருந்த அரங்கில் அந்த வசனம் ஒருமுறை வாசிக்கப்பட்டு அப்படியே கடந்து போனது. மீதி நேரம் முழுவதையும் வியாதியஸ்தருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் பகுதி எடுத்துக்கொண்டது. விடுமுறை எடுத்த நாளுக்கு வேலைக்காரப் பெண்ணின் சம்பளத்தைப் பிடிக்கலாமா என்று ஒரு கேள்வி கையேட்டில் இருந்திருந்தால்கூடப் போதும். இரண்டாம் அதிகாரத்தில் காட்டிய துணிவு, கேட்பவர்களின் பணப்பையை நெருங்கியபோது தளர்ந்துவிட்டதாகவே எண்ணுகிறேன்.

கையேட்டின் எழுத்து வயதானவர்களுக்கு மிகச் சிறியது. கேள்விகளோ வீட்டில் குடும்பமாக உட்கார்ந்து பேசத் தக்கவை. ஒலிபெருக்கி பின்வரிசைக்குச் சரியாக எட்டவில்லை. இந்தக் குறைகளோடும் இது பரிந்துரைக்கத் தக்க வகுப்பே. மீண்டும் நடத்துவதாயின் ஆறு வாரமாக்கி, ஐந்தாம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களுக்கென்று ஒரு மாலையை முழுமையாக ஒதுக்குமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.