வியூ 3: பிராக்ஸி வடிவமைப்பைக் கண்ணெதிரே காட்டும் ஃபிரேம்வொர்க்

பிராக்ஸி என்னும் வடிவமைப்பைப் பாடமாகப் படித்துவிட்டு, அது நடைமுறையில் எவ்வாறு உழைக்கிறது என்று பார்க்க விரும்புவோருக்கு இணையப் பக்கங்களின் திரையை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அமைக்க உதவும், 2020 செப்டம்பரில் வெளிவந்த வியூ 3 ஃபிரேம்வொர்க்கைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஓர் ஆப்ஜெக்டுக்கு (பண்புகளையும் அவற்றின் மதிப்புகளையும் தொகுத்து வைப்பதற்கு) முன்னால் அதே தோற்றமுடைய இன்னொன்றை நிறுத்தி, உள்ளே செல்லும் கோரிக்கைகள் யாவும் அதன் வழியாகவே செல்லும்படி செய்வதுதான் பிராக்ஸி. வியூவின் ரியாக்டிவ் ஃபங்ஷனிடம் ஓர் ஆப்ஜெக்டைக் கொடுத்தால், அது திருப்பித் தருவது இத்தகைய பிராக்ஸியையே. திரையின் எந்தப் பகுதி எந்தப் பண்பைப் படிக்கிறது என்று அது குறித்துவைத்துக்கொண்டு, அப்பண்பின் மதிப்பு மாறும்போது அப்பகுதியைப் புதுப்பிக்கச் செய்கிறது.

வியூ 2 இதே வேலையை ஒவ்வொரு பண்புக்கும் தனித்தனியே கெட்டர் (படிக்கும்போது இயங்கும் ஃபங்ஷன்), செட்டர் (மாற்றும்போது இயங்கும் ஃபங்ஷன்) பொருத்திச் செய்தது. அதனால் பின்னர் சேர்த்த புதிய பண்பும், அரே என்னும் வரிசைப் பட்டியலில் இட எண்ணைக் குறித்து மாற்றிய உறுப்பும் அதன் கவனத்துக்கு வரவில்லை. அவற்றுக்கென்று தனி ஃபங்ஷனை அழைக்க வேண்டியிருந்தது. ஜாவாஸ்கிரிப்டில் 2015ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்ந்த பிராக்ஸி, ஆப்ஜெக்ட் முழுவதற்கும் முன்னால் நிற்பதால் அந்தக் குறை அடியோடு நீங்கிவிட்டது. உள்ளடங்கிய ஆப்ஜெக்டுகளுக்கும் அவற்றைத் தொடும்போதுதான் பிராக்ஸி உருவாகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

இதைப் பார்த்துத் தாமே ஒரு பிராக்ஸி எழுத முனைவோர், மதிப்பை நேரடியாக எடுத்துத் தராமல் ஜாவாஸ்கிரிப்டிலேயே உள்ள ரிஃப்ளெக்ட் என்னும் கருவி வழியாக, ரிசீவரையும் (கோரிக்கையைப் பெற்ற பிராக்ஸியையும்) சேர்த்து அனுப்ப வேண்டும். இல்லையேல் ஆப்ஜெக்டுக்குள் இருக்கும் கெட்டர், மூல ஆப்ஜெக்டையே 'திஸ்' (தான் இயங்கும் ஆப்ஜெக்ட்) என்று கொண்டுவிடும்; அதற்குள் நிகழும் வாசிப்புகள் எதுவும் கண்காணிப்பில் சிக்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மூலமும் பிராக்ஸியும் தோற்றத்தில் ஒன்றாயினும் ஒப்பிட்டால் சமமாகா. மூலத்தை நேரடியாக மாற்றினால் திரை அசையாது. ஹாஷ் (#) குறியிட்ட தனிப் பண்புகளைக் கொண்ட கிளாஸிலிருந்து (ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சிலிருந்து) உருவான ஆப்ஜெக்ட் ஒன்றைப் பிராக்ஸிக்குள் வைத்து, அப்பண்புகளைத் தொடும் மெத்தடை (ஆப்ஜெக்டின் ஃபங்ஷனை) அழைத்தால் டைப் எரர் என்னும் பிழை எழும். வெளி லைப்ரரிகளிலிருந்து பெறும் வரைபட ஆப்ஜெக்டுகளில் இதை எதிர்கொள்ள நேரிடலாம் என்பதால், அவற்றை வியூவின் மார்க்ரா ஃபங்ஷனால் முதலிலேயே விலக்கிவைத்துவிடுவது நல்லது. பழைய உலாவிகளுக்கு இந்தப் பிராக்ஸியை வேறு நிரலால் முழுமையாக ஈடுசெய்ய இயலாது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 11இல் வியூ 3 இயங்காததற்குக் காரணம் அதுவே.