‘அன்லிமிடெட்’ ஹோஸ்டிங்: பணம் கட்டும் முன் ஃபைல் எண்ணிக்கையைக் கேளுங்கள்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை, வேர்ட்பிரஸ் மென்பொருளில் வூகாமர்ஸ் என்ற விற்பனைத் துணைநிரலை (பிளக்இன்) சேர்த்து நடத்திய தளம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது முடங்கியது. புதுப் புடவைப் படங்கள் ஏறவில்லை. ஆர்டர் மெயில் வரவில்லை. தளத்துக்குச் சர்வரில் இடம் வாடகைக்குத் தரும் ஹோஸ்டிங் கம்பெனி அனுப்பிய பதில் ஒரே வரி: ‘ஐநோட் லிமிட் முடிந்துவிட்டது, பெரிய பிளானுக்கு மாறுங்கள்.’ கடை வாங்கியிருந்ததோ ‘அன்லிமிடெட் ஸ்டோரேஜ்’ பிளான்.

அன்லிமிடெட் என்பது ஜிபி கணக்குக்கு மட்டும். சர்வரில் ஒவ்வொரு ஃபைலும் ஒவ்வொரு ஃபோல்டரும் ஓர் ஐநோட். பெட்டியில் கிடக்கும் ஒவ்வொரு மெயிலும்கூட அப்படித்தான். அந்த எண்ணிக்கைக்கு உள்ள வரம்பை விளம்பரத்தில் போட மாட்டார்கள், விதிமுறைப் பக்கத்தின் அடியில் வைத்திருப்பார்கள். இந்தக் கடைக்கு 2,50,000.

கேட்டால் நிறைய என்று தோன்றும். ஆனால் செல்போனில் எடுத்த 4,000 பிக்சல் படம் ஒன்றை ஏற்றினால் வேர்ட்பிரஸ் அதை அப்படியே வைத்துக்கொண்டு, 2,560 பிக்சலுக்குச் சுருக்கிய பிரதி ஒன்றும், 150, 300, 768, 1,024, 1,536, 2,048 அளவுகளில் ஆறும் போடுகிறது. வூகாமர்ஸ் தன் பங்குக்கு மூன்று. ஆக ஒரு படத்துக்கு 11 ஃபைல். 2,200 புடவை, புடவைக்குப் பத்துப் படம் என்றால் 2,42,000 ஆகிவிட்டது. மீதியை வேர்ட்பிரஸ், தீம், பிளக்இன் ஃபைல்களும் மெயிலும் தின்றுவிட்டன. படங்களை 1,500 பிக்சலுக்குக் குறைத்து ஏற்றியிருந்தால் 11 என்பது 8 ஆகியிருக்கும். விற்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லை.

இதைவிடக் கொடுமை பேக்கப். ‘தினசரி பேக்கப் இலவசம்’ என்று விற்றவர்களின் விதிமுறையில், 1,00,000 ஐநோட் தாண்டிய கணக்குக்குத் தானியங்கி பேக்கப் கிடையாது என்று ஒரு வரி. பேனலைத் திறந்து பார்த்தால் கடைசி பேக்கப் 14 மாதம் பழையது. நின்றுபோனதாக ஒரு மெயில்கூட அனுப்பவில்லை. ஹோஸ்ட் எடுக்கும் பேக்கப்பை மட்டும் நம்பவே நம்பாதீர்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் கம்பெனியின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தார்கள். படங்களும் தீமும் பிளக்இன்னும் இருக்கும் டபிள்யூபி-கன்டென்ட் ஃபோல்டர், பதிவுகளும் ஆர்டர்களும் இருக்கும் டேட்டாபேஸ், தளத்தின் அமைப்புகள் இருக்கும் டபிள்யூபி-கான்ஃபிக் ஃபைல் மூன்றையும் வாரம் ஒருமுறையாவது உங்கள் சொந்த கூகுள் டிரைவுக்கு அனுப்புங்கள். அப்டிராஃப்ட்பிளஸ் போன்ற பிளக்இன்னின் இலவசப் பதிப்பே போதும், கான்ஃபிக் ஃபைலை மட்டும் கையால் ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவையாவது வேறு இடத்தில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். டேட்டாபேஸ் இல்லாத பேக்கப்பில் படங்கள் இருக்கும், பதிவுகளும் ஆர்டர்களும் இருக்காது.

சரி, வேறு ஹோஸ்டுக்குப் போகலாம் என்றால் டொமைன், அதாவது தளத்தின் முகவரி, கடையின் கையில் இல்லை. ‘இலவச டொமைன்’ என்று கொடுத்ததைக் கம்பெனி தன் பெயரிலேயே பதிந்திருந்தது. டாட் காம் முகவரியை வேறு பதிவாளருக்கு (முகவரியைப் பதிந்து தரும் கம்பெனி) மாற்ற உரிமையாளர் கேட்டால், அதற்கான குறியீட்டை ஐந்து நாளுக்குள் தர வேண்டும் என்பது டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பின் விதி. ஆனால் பதிவில் உரிமையாளராக இருப்பது கம்பெனியே என்றால் அந்த விதி உங்களுக்கு உதவாது. டொமைனைத் தனியாக, வேறொரு பதிவாளரிடம், உங்கள் பெயரிலும் உங்கள் சொந்த மெயிலிலும் வாங்குங்கள். பதிந்த முதல் 60 நாளைக்குப் பொதுவாக வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாது, சீசனுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விலையையும் கணக்குப் போடுங்கள். மாதம் ₹99 என்று 36 மாதத்துக்குக் கட்டியது ஜிஎஸ்டியோடு சுமார் ₹4,200. புதுப்பிக்கும்போது மாதம் ₹399, அதாவது சுமார் ₹16,950. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு இலவசமாகத் தரும் எஸ்எஸ்எல்லுக்கு (தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் சான்றிதழ்) தனியாகக் காசு கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள்: ஐநோட் எத்தனை, ஒரே நேரத்தில் எத்தனை பிராசஸ் (சர்வரில் ஓடும் வேலை), பேக்கப் எந்த வரம்பில் நிற்கும், புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு, வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழி எந்தப் பதிப்பு. 7.4 என்று பதில் வந்தால் வேண்டாம், அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரிலேயே நின்றுவிட்டன. ஒரு மாதத்துக்கு மட்டும் வாங்கி, வேர்ட்பிரஸ் டேஷ்போர்டில் ‘டூல்ஸ்’ என்பதன் கீழ் ‘சைட் ஹெல்த்’ திறந்து, பிஎச்பி பதிப்பு சொன்னதுதானா என்று ஒப்பிடுங்கள்.

அந்தக் கடை கடைசியில் டாட் இன்னில் புது முகவரி எடுத்தது. தீபாவளிக்கு அச்சடித்த கட்டைப்பைகளில் பழைய முகவரிதான் இருக்கிறது.